பட்டப்பகல் தூக்கமும் ஒரு நிபுணரும்

தூக்கத்தை ஆராய்வதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. ராயபுரத்துச் சொந்தங்களுக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. "தூங்குறதுக்குச் சம்பளமா?" என்ற பெரியப்பாவிடம், தூங்குகிறவர்களைப் பார்த்தபடி விழித்திருக்கத்தான் சம்பளம் என்றேன். "அப்ப வாட்ச்மேன் வேலைன்னு சொல்லு" என்று முடித்துவிட்டார்.

அந்த வாட்ச்மேன் வேலையையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. குறட்டைக்காரர்களின் தலையிலும் முகத்திலும் வயர்களை ஒட்டி, மார்பில் பட்டை கட்டி, விரலில் கிளிப் மாட்டிப் படுக்க வைப்போம். அந்தப் பதிவை 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்து, இது ஆழ்ந்த தூக்கம், இது கனவுத் தூக்கம் என்று குறிக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு 960 துண்டுகள். தூக்க மாத்திரையே தேவையில்லை. ஓரிரவு யாரோ தோளைத் தட்டினார்கள். வயர்க் கொத்தைக் கையில் பிடித்தபடி நோயாளி நின்றிருந்தார். "பாத்ரூம் போகணும்னு எவ்ளோ நேரமா கூப்புடுறேன் சார்." போய்வந்து படுக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்க குறட்டையும் சரியில்ல. யார்கிட்டயாச்சும் காட்டுங்க."

இதையாவது மறைத்துவிடலாம். ஆலோசனை சொல்லப் போய் மாட்டிக்கொண்டதுதான் பெரிய அவமானம். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் அக்கா ஒருவர் விடியுமுன்பே கடற்கரைக்குப் போகிறவர். ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கிடையாது, வேலையும் குறைவு. "அப்பவும் ரெண்டு மணிக்கு டாண்ணு முழிப்பு வருது, ஏம்பா?" என்று கேட்டார்.

அருமையான கேள்வி. எங்கள் துறையின் முன்னோடி நதானியேல் கிளைட்மன் 1938இல் அமெரிக்காவின் மாமத் குகைக்குள் ஒரு மாணவரோடு இறங்கி, 32 நாள் வெயிலே படாமல், நாளொன்றுக்கு 28 மணி நேரம் என்று வைத்து வாழ்ந்து பார்த்தார். இளம் மாணவரின் உடம்பு பழகிக்கொண்டது. நாற்பதைத் தாண்டிய கிளைட்மனின் உடம்போ 24 மணிக் கணக்கை விடவேயில்லை. அந்தத் தோல்வியையும் அவர் ஒளிக்கவில்லை. அக்காவுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருந்தாலே போதும். நானோ துண்டறிக்கையை ஒப்பித்தேன்: அறை இருட்டாக இருக்க வேண்டும், சத்தம் வரக்கூடாது, தினமும் ஒரே நேரத்தில் படுக்க வேண்டும்.

"எங்க வூடே ஒரு ரூமு. பையன் லைட்டப் போட்டுப் படிக்கிறான், அவரு நைட் ஷிஃப்ட்டுக்குக் கெளம்புறாரு. கதவச் சாத்துனா காத்தில்ல, தொறந்தா கொசு, வெளிய கன்டெய்னர் லாரி ஆரன். இதுல நீ எதச் சாத்தச் சொல்ற?"

அதே மாதிரி ஓர் அறையில்தான் நானும் வளர்ந்தேன். படித்துப் பட்டம் வாங்கியதில் அது மறந்துபோயிருந்தது.

சென்னையின் ஏழைத் தொழிலாளர்கள் 452 பேரைக் கொண்டு ஃப்ராங்க் ஷில்பாக், கௌதம் ராவ் உள்ளிட்ட பொருளியலாளர்கள் செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. மணிக்கட்டுக் கருவி காட்டிய கணக்குப்படி, எட்டு மணி நேரம் படுத்துக் கிடந்தும் அவர்கள் தூங்கியது ஐந்தரை மணிதான். நடுநடுவே ஓயாத விழிப்பு. கண்பட்டை, காதடைப்பான் எல்லாம் கொடுத்து, அதிக நேரம் படுக்கச் சொன்னதில் 27 நிமிடம் கூடியது. வேலைத்திறன் கூடவில்லை. ஆனால் வேலையிடத்திலேயே மதியம் அரை மணி கண்ணயர்ந்தவர்களுக்கு வேலையும் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. தூங்கிய நேரத்துக்கு வேலையில்லை என்பதால், இடைவேளையின்றி உழைத்தவர்களைவிட அவர்கள் கைக்கு வந்த பணம் குறைந்ததும் உண்மை. ஏழைக்கு அரை மணித் தூக்கமும் செலவுக் கணக்கில்தான் வருகிறது.

அதைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. ஹார்பரில் மூட்டை தூக்கிய அப்பா மதியம் துண்டை விரித்துக் கட்டையைச் சாய்ப்பார். பகலில் தூங்கினால் ராத்தூக்கம் கெடும் என்று பாடப்புத்தகத்தைக் காட்டி அதை நிறுத்தியவன் நான். படித்தவன் சொல்கிறானே என்று அவரும் கேட்டுக்கொண்டார். சாயங்காலமானால் வீட்டில் யாருக்காவது திட்டு விழும். கடைசியில் அம்மாதான் பாயை எடுத்துப் போட்டு, "நீ தூங்குய்யா, அவன் ஆராய்ச்சிய அவன் ஆஸ்பத்திரியோட வச்சுக்கட்டும்" என்றார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஏலம் முடித்தோ ஷிஃப்ட் முடித்தோ வந்தவர் மதியம் படுத்திருந்தால், "பட்டப்பகல்ல என்ன தூக்கம்?" என்று எழுப்பாதீர்கள், போனும் போடாதீர்கள். என்னிடம் ஆலோசனையும் கேட்காதீர்கள்.