விருந்தும் மருந்தும்: பஃபே வழி ஆங்கிலம் கற்றல் பற்றி ஒரு சிவகாசி வட்டார ஆய்வு

குதிரை, கப்பல், கிரிக்கெட் ஆகிய மூன்றையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், ஆங்கில மரபுத்தொடர்கள் குடியிருப்பது இரண்டே இடங்களில்தான் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ஒன்று சாப்பாட்டு மேசை. மற்றொன்று வெடிமருந்துக் கிடங்கு. இந்த இரண்டையும் பிழைப்பாகவே வைத்திருக்கும் ஒரு மாவட்டம் தமிழ்நாட்டில் இருக்க, ஆங்கிலம் கற்க ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஏன் போகிறார்கள் என்பது விளங்கவில்லை. விருதுநகரில் எண்ணெயில் பொரித்தெடுக்கும் புரோட்டா, சாத்தூரில் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூரில் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா. இவற்றுக்கு நடுவே சிவகாசி. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்ற பழமொழியை மற்ற ஊர்க்காரர்கள் கசாயத்தை நினைத்துச் சொல்கிறார்கள். சிவகாசியில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போவது. அங்கே அதற்கு மூன்று நாள் கணக்கெல்லாம் கிடையாது, வருஷம் முழுக்க.

ஆய்வுக் களம்: சிவகாசி, விருதுநகர் வட்டாரக் கல்யாண மண்டபங்கள், மேலும், வடநாட்டுப் பட்டாசு வியாபாரிகளுக்காக ஓட்டல்களில் நடக்கும் டீலர் கூட்டங்கள். ஆய்வு முறை: பங்கேற்று நோக்கல், அதாவது கையில் தட்டோடு நோக்கல். நிதி நல்கை: எவரும் நல்கவில்லை, மாறாக, ஒவ்வொரு களப்பணிக்கும் ஆய்வாளரே மொய் எழுத நேர்ந்தது. ஆய்வின் வரம்பு: இனிப்புக் கவுன்டரைத் தாண்டிய பிறகு எடுத்த குறிப்புகளில் கையெழுத்து தெளிவாக இல்லை.

முதலில் களத்தின் தகுதியை நிறுவ வேண்டும். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தது ஊரறிந்த கதை. தீப்பெட்டி என்றால் லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் வரிசையாக வந்தன. பட்டாசுப் பெட்டிகளில் ஆங்கிலமும் வந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகள் ‘ஃபிளவர் பாட்’ என்ற சொல்லைப் பூந்தொட்டியில் கற்பதில்லை, புஸ்வாணப் பெட்டியில் கற்கிறார்கள். ஆகவே பாடநூலில் ஜன்னலோரம் ஃபிளவர் பாட் வைத்த ஒரு சிறுமியைப் படிக்கும்போது, அடுத்து என்ன ஆகப்போகிறதோ என்று இவர்களுக்கு மட்டும் வயிற்றைக் கலக்குகிறது.

இனி பஃபே. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட மொழியே தேவையில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். இலை முன்னால் இருக்கிறது. வாளி வருகிறது. வேண்டும் என்றால் சும்மா இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் இலைக்கு மேல் கையை விரிக்க வேண்டும். அப்படி விரித்தாலும் விரல் இடுக்கில் ஒரு கரண்டி விழத்தான் செய்யும். ஊமையும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகலாம். பஃபேயில் அது நடக்காது. ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னும் ஒரு சீட்டு நிற்கிறது, அதை வாசிக்க வேண்டும். வெல்கம் டிரிங்க், ஸ்டார்ட்டர், மெயின் கோர்ஸ், லைவ் கவுன்டர், டெசர்ட் என்று ஒரு கல்யாணத்தின் முடிவில் ஒரு அத்தியாயமே முடிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேசைக்குப் பின்னால் குல்லாய் போட்டு நிற்கும் பையன் தட்டைப் பார்த்துச் சொல்லும் அந்த மூன்று சொல்: “ஹெல்ப் யுவர்செல்ஃப், சார்.”

இந்தத் தொடரின் சமூகவியல் இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை. பந்திக் காலத்தில் ‘சாப்பிட வாங்க’ என்று கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைப்பது பெண் வீட்டாரின் கடமை. அதில் ஒரு சித்தப்பா விட்டுப்போனால் அந்தக் கல்யாணத்தின் பேச்சு அடுத்த தலைமுறை வரைக்கும் ஓடும். எத்தனையோ சம்பந்தி சண்டைகளின் வேர் ‘எங்க அண்ணாச்சிய ஒரு வார்த்த சாப்பிடச் சொல்லல’ என்பதில்தான் இருக்கிறது. பஃபே வந்தது, அந்த வழக்கு முழுவதும் தள்ளுபடியாகிவிட்டது. உன் பசிக்கு நீயே பொறுப்பு என்று ஆங்கிலத்தில் சொன்னால் அது மரியாதை. தமிழில் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

இருந்தாலும், முண்டியடித்து வாங்கும் முறையைப் பற்றிய முதல் விமர்சனம் இம்மாவட்டத்திலேயே தோன்றியது என்பதை நேர்மையுள்ள ஆய்வாளன் மறைக்க முடியாது. விருதுநகர் சத்திரிய வித்யாசாலா, வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டி நடத்தப்பட்ட பள்ளி. அங்கே பிள்ளையார் சதுர்த்திப் பூசைக்கு மாணவர்கள் எல்லாரும் ஒரே அளவு காசு கொடுத்திருக்கிறார்கள். பிரசாதம் கொடுத்தபோது இடித்துப் புகுந்தவர்களுக்கு நிறையக் கிடைத்தது. ஒதுங்கி நின்ற காமராஜ் என்ற பையனுக்குக் கொஞ்சம்தான். வீட்டில் ஏன் என்று கேட்டபோது, எல்லாரிடமும் ஒரே காசு வாங்கினவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுப்பதுதானே முறை, நான் ஏன் முண்ட வேண்டும் என்று கேட்டானாம். அவரது வாழ்க்கை வரலாற்று நூல்கள் சொல்லும் கதை இது. அந்தப் பையன் முதலமைச்சராகி 1956-இல் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு போட ஏற்பாடு செய்தபோது, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறும் முறையே நடப்புக்கு வந்தது. ‘ஃபர்ஸ்ட் கம், ஃபர்ஸ்ட் சர்வ்ட்’ என்ற தொடரை விருதுநகரில் சொல்லிக் கொடுப்பவர்கள் இந்த எதிர்ச்சான்றையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்பது நல்லது.

பஃபேயின் அயல்நாட்டு மரபைச் சற்றுத் தொட்டுவிட்டுப் போகலாம். ஸ்வீடன்காரர்களின் ‘ஸ்மார்கஸ்போர்ட்’ 1939-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் அமெரிக்கர்களிடையே பேர் வாங்கியது. அவர்கள் ஊர் வழக்கப்படி முதல் நடையில் குளிர்ந்த மீன் மட்டும். அடுத்த நடைக்குப் புதுத் தட்டு. இப்படிப் பல நடை. நம் மாவட்டத்தில் ஒரே நடை. திரும்பி வரும்போது பாத்திரம் காலியாகியிருக்கும் என்ற அச்சம் பஞ்சம் பார்த்த மண்ணில் நியாயமானதே. ஆகவே பிரியாணி, அதன்மேல் இடியாப்பம், ஓரத்தில் பன்னீர், பன்னீரை அணைகட்டி நிறுத்தியிருக்கும் தயிர் சாதம், எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு அப்பளம், அப்பளத்தைத் தொட்டபடி ஒரு குலோப் ஜாமூன். ‘ஐ ஹேவ் எ லாட் ஆன் மை பிளேட்’ என்ற தொடருக்கு வேலைப் பளு என்று உரையெழுதிய அகராதிக்காரர் இந்தத் தட்டைப் பார்த்திருந்தால் உரையே தேவையில்லை என்று விட்டிருப்பார்.

அதே தட்டில் அடுத்த பாடமும் நடக்கிறது. ஜாமூன் பாகு மெல்ல நகர்ந்து அப்பளத்தைத் தொடுகிறது, அப்பளம் நமத்துவிடுகிறது. நம் ஊரில் அப்பளமும் நமக்கும், முறுக்கும் நமக்கும், ஐப்பசி மழையில் பட்டாசும் நமக்கும். ‘டேம்ப் ஸ்குவிப்’ என்று ஆங்கிலத்தில் சொல்வது இதைத்தான். ஸ்குவிப் என்பது ஒரு சின்ன வெடி. நமத்த வெடி, எதிர்பார்ப்பைக் கிளப்பிவிட்டுச் சத்தமே இல்லாமல் போவது. வெடியை மறந்துபோன ஆங்கிலேயர்களில் பலர் இப்போது இதை ‘டேம்ப் ஸ்குவிட்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்குவிட் என்றால் கணவாய் மீன். ஈரமில்லாத கணவாயைக் கடலில் எங்கே பார்த்தார்களோ! மருந்தில் இருக்க வேண்டியதை விருந்தில் தூக்கி வைத்த இந்தப் பிழையைச் சிவகாசியின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யாது. மழை குறைந்த ஊர் என்பதால்தான் இந்தத் தொழில் இங்கே தங்கியது. ‘கீப் யுவர் பவுடர் டிரை’ என்பது உலகத்துக்கு உவமை. இங்கே ஃபோர்மேன் தினசரி சொல்லும் உத்தரவு.

இதற்கு நேர் எதிரான குழப்பம் ‘ஃபிளாஷ் இன் த பேன்’. பேன் என்றதும் தோசைக்கல், வாணலி என்று மனம் ஓடும். மண்டபத்தில் கேட்டால் லைவ் கவுன்டரில் மாஸ்டர் நூடுல்ஸைப் புரட்டும்போது குப்பென்று எழும் தீயைக் காட்டுகிறார்கள். உண்மையில் இது பழைய துப்பாக்கி விவகாரம். அந்தத் துப்பாக்கியின் பக்கவாட்டில் கொஞ்சம் மருந்து வைக்க ஒரு சிறு கிண்ணி இருக்கும், அதற்குப் பேர் பேன். அந்த மருந்து பளிச்சென்று எரிந்தும் குழலுக்குள் இருக்கும் மருந்து பற்றாமல் போனால் குண்டு கிளம்பாது. நம் பக்கத்தில் ‘புஸ்ஸுன்னு போயிருச்சு’ என்பார்கள். ஆக, விருந்துபோல் தோன்றி மருந்தில் பிறந்தது ஒன்று. மருந்தில் பிறந்து விருந்துக்கு ஓடிப்போனது இன்னொன்று. இரண்டையும் அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் தகுதி எந்த ஊருக்கு இருக்கிறது என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறேன்.

‘செல்லிங் லைக் ஹாட் கேக்ஸ்’ விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. டீலர் கூட்டத்துப் பஃபேயில் இது சரளமாகப் புழங்குகிறது: இந்த வருஷம் பேன்சி ஐட்டம் ஹாட் கேக் மாதிரி போகுது சார். ஆனால் உலக வாணவேடிக்கைத் தொழிலில் ‘கேக்’ என்பதே ஒரு வெடியின் பெயர். பல குழல்களை ஒன்றாகக் கட்டி, ஒரு திரி பற்றவைத்தால் வரிசையாக வானத்தில் வெடிக்கும் பெட்டி. நாம் ஷாட்ஸ் என்போம். அது சூடாகாமல் இருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது. உராய்வு, வெயில், அவசரம் என்று விபத்துக்கான காரணங்கள் ஒவ்வொரு கோடையிலும் செய்தித்தாளில் வருகின்றன, பெயர்களும் வருகின்றன. இந்த ஒரு மரபுத்தொடரை இந்த ஊர் திருப்பி அனுப்பிவிடலாம்.

உப்புக்கு வருவோம். இடைக்கால இங்கிலாந்தில் பெரிய வீட்டு விருந்து மேசை நடுவே உப்புக் கிண்ணம் இருக்கும். அதற்கு மேலே பிரபுக்கள், கீழே மற்றவர்கள். ‘பிலோ த சால்ட்’ என்றால் தாழ்ந்த இடம். நம் இலையில் இடப்பக்க ஓரத்தில் ஆளுக்கொரு சிட்டிகை உப்பு. அவரவர் உப்பு அவரவருக்கு. எவரும் எவர் உப்புக்கும் கீழே இல்லை. இதைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்துமுன் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: யார் எந்தப் பந்தி, யாருக்கு உள்ளே, யாருக்கு வெளியே என்று நாம் வைத்திருந்த கணக்குக்கு உப்புக் கிண்ணமெல்லாம் எம்மாத்திரம். பஃபே வரிசையில் முன்னால் நிற்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை, தட்டு காலியாக இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே அதன் மற்ற பிழைகளைப் பொறுக்கலாம் என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

‘ஈட்டிங் ஹம்பிள் பை’ இங்கே எடுபடவே இல்லை. தவற்றை ஒப்புக்கொண்டு தலைகுனிவது என்பது பொருள். எஜமானர்கள் மான் கறி தின்ன, வேலையாட்களுக்கு அதன் குடல், ஈரல் வைத்துச் சுட்ட பை. அந்த உள்ளுறுப்புகளுக்கு ஆங்கிலத்தில் முன்பு ‘அம்பிள்ஸ்’ என்று பேர். அது ‘ஹம்பிள்’ என்பதோடு ஒட்டிக்கொண்டது. விருதுநகர் புரோட்டாக் கடையில் குடல் கறியும் ஈரலும் முதலில் தீர்ந்துபோகிறவை. ‘ஈரல் தீந்துருச்சு, வெறும் கறிதான் இருக்கு’ என்ற பதிலைக் கேட்டுவிட்டு எழுந்துபோனவர்களை இங்கே பார்க்கலாம். தலைகுனிவு எங்கே இருக்கிறது?

களக்குறிப்பு ஒன்று. பஃபே பாத்திரங்களுக்கு அடியில் ஜெல் டப்பாவில் சின்னத் தீ எரிந்துகொண்டிருக்கும். வெளியூர் விருந்தாளிகள் சாம்பாரைப் பார்ப்பார்கள். சிவகாசிக்காரர் குனிந்து அந்தத் தீயைப் பார்ப்பார்.

“தம்பி, இது நின்னு எரியுதே. காத்து வந்தா துணி பக்கம் சாயும்லா?”

“ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. நீங்க சாப்பிடுங்க.”

“அந்த டிஷ்யூ கட்ட மொதல்ல அங்கிட்டு எடுத்து வையி. பெறவு சாப்பிடுதேன்.”

டிஷ்யூ நகர்த்தப்பட்ட பிறகே அவர் கரண்டியைத் தொட்டார். ‘ஷார்ட் ஃபியூஸ்’ உள்ளவர் என்று ஆங்கிலத்தில் முன்கோபியைச் சொல்வார்கள். இவர் குரலை உயர்த்தவே இல்லை. திரி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதை ஆயுள் முழுக்க அளந்தவர்.

பந்தி இன்னும் ஒழிந்துவிடவில்லை. பஃபே போடும் மண்டபங்களிலும் பெரியவர்களுக்கென்று உள்ளே தனியாக இலை போட்டிருக்கிறார்கள். மூட்டு வலிக்காரர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், நின்றுகொண்டு சாப்பிடுவது மாடு மேய்கிற மாதிரி என்று இன்னும் சொல்கிறவர்கள் அங்கே உட்காருகிறார்கள். ஆய்வின் கடைசிக் கட்டத்தில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தபோது, பஃபே தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கைகூடக் காயாத ஒரு கல்லூரிப் பையன் வந்து இலைக்கு முன் உட்கார்ந்தான். பக்கத்து இலைப் பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னடா பேராண்டி, இப்பத்தான அங்க தட்டு நெறைய வாங்கித் தின்னே?”

“அது ஸ்டார்ட்டர் தாத்தா” என்றபடி அவன் இலையில் தண்ணீர் தெளித்தான்.