மூன்று வருஷம் கழித்து வந்த விரிசல்

கேள்வி: வயலைத் தூர்த்து வீடு கட்டினேன். மூன்று வருஷம் சும்மா இருந்த சுவர் இப்போது விரிசல் விடுகிறதே?
– வாசகர், மன்னார்குடி

பதில்: சுவர் சும்மா இருந்தது, மண் இருக்கவில்லை! டெல்டாக் களிமண்ணில் நீர் அதிகம். சுமை ஏறியதும் அது மெல்லக் கசிய, மண் அமுங்கும். 1920களில் இதற்குக் கணக்குப் போட்டவர் பொறியாளர் டெர்சாகி. நீர் போன பிறகும், வீட்டுக்கடன் வட்டி போல, அமுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடரும்.

நீர் உறைந்துவிட்டாலும் இந்த மெதுவான நகர்வு நிற்காது: சைபீரியாவின் யாகுட்ஸ்க்கில் மண்ணே உறைந்திருக்கிறது. கடப்பாரை இறங்காது, ஆனாலும் உள்ளிருக்கும் பனிக்கட்டி ஓயாத சுமையில் மெதுவாக நகரும். அந்தக் கணக்கில் சுமையும் காலமும் மட்டும் போதாது, வெப்பநிலையும் வேண்டும். பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நகர்வு கூடும். அதனால் கட்டடங்களைத் தூண்களில் ஏற்றி, அடியில் குளிர்காற்றை ஓடவிடுகிறார்கள். (நீங்கள் தரைக்கு ஏசி போட வேண்டாம், மின்கட்டணம்தான் நகரும்.)

நம் கல்லணையிலோ, பாறைகளை முதலில் ஆற்று மணலில் புதையவிட்டு, பிறகே அவற்றின்மேல் கட்டினார்கள். நமக்குத்தான் கிரகப்பிரவேச அவசரம்!

விரிசல் கோடையில் விரிந்து மழையில் மூடினால், அது களிமண் சுருங்கி உப்பும் வேறு வியாதி. இப்போதைக்கு விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவையுங்கள். உடைந்தால், கொத்தனாரை விட்டுவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.