ஒற்றைக் கைக்கு ஏற்ற பூ

கேள்வி: போரில் மாண்டவர்களின் நினைவாக நவம்பர் மாதம் பிரிட்டன்காரர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்புப் பூவைச் செய்கிறவர்கள் யார்?

பதில்: போரில் உடல் ஊனமுற்ற வீரர்கள் தொடங்கிவைத்த தொழில் அது. அந்தப் பூவின் பெயர் பாப்பி. கசகசாச் செடிக்கு உறவான அது, முதல் உலகப் போரில் குண்டுகள் புரட்டிப்போட்ட ஃபிளாண்டர்ஸ் மண்ணில் மண்டி வளர்ந்தது. பிரான்ஸைச் சேர்ந்த அன்னா கெரானின் யோசனைப்படி, 1921இல் முன்னாள் வீரர்களுக்கு உதவும் பிரிட்டிஷ் லீஜன் அமைப்பு செயற்கைப் பாப்பிகளை விற்றது. பூக்கள் மளமளவென்று தீர்ந்துபோயின. திரண்டது 1,06,000 பவுண்டு.

அடுத்த ஆண்டே மேஜர் ஜார்ஜ் ஹவ்சன், 2,000 பவுண்டு உதவித்தொகையோடு லண்டன் ஓல்டு கென்ட் சாலையில் இந்தப் பூக்களைச் செய்யப் பட்டறை போட்டார். ஐந்தே பேர், ஐவருமே ஊனமுற்ற முன்னாள் வீரர்கள். முயற்சி தேறும் என்ற நம்பிக்கை ஹவ்சனுக்கே அவ்வளவாக இல்லை. ஆனால் பூவின் அமைப்பில்தான் அவருடைய அக்கறை தெரிகிறது. இதழ், தண்டு, நடுவே கறுப்புக் குமிழ். ஒரு கையை இழந்தவரும் மிச்சமுள்ள கையால் கோத்துவிடலாம். வாங்குகிறவர் கொடுப்பது நன்கொடை, செய்கிறவர் பெறுவது உழைத்த கூலி. அனுதாபத்தைவிட இது எவ்வளவோ மேல்!

1926இல் பட்டறை ரிச்மண்டுக்கு இடம் மாறியது. அதே ஆண்டு, பிரிட்டிஷ் போர்த் தளபதி ஹெய்கின் மனைவியான ஹெய்க் சீமாட்டி ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இன்னொன்றைத் தொடங்கினார். ஸ்காட்லாந்துப் பூவுக்கு நான்கு இதழ்கள், இலை கிடையாது. ரிச்மண்ட் நிறுவனம் இப்போது, ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்கு வெளியிடங்களிலும் வேலை தேடித் தருகிறது.