எந்தத் துறையால் போவது?

செட்டிபாளையத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, நடுவே கல்முனைக்குப் போகும் பெருந்தெரு. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. என் சின்ன வயதில் ஊரில் பலருக்கு வீடு இக்கரையில், வயல் அக்கரையில். பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரண்டு கரையிலும்தான். விதைப்புக்கும் வெட்டுக்கும், கொக்கட்டிச்சோலைத் தேருக்கும் மண்டூர்த் திருவிழாவுக்கும், கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் வாவியைக் கடந்தே ஆகவேண்டும்.

கடப்பதற்கு மூன்று துறைகள் இருந்தன. வடக்கே மண்முனைத்துறை, அதால் போனால் கொக்கட்டிச்சோலை கிட்ட. ஊருக்குப் பக்கத்தில் குருக்கள்மடத்துறை. அதற்கு நேரே அம்பிளாந்துறை. தெற்கே களுவாஞ்சிகுடி தாண்டிக் குறுமண்வெளித்துறை, அக்கரையில் மண்டூர். வெளியூரிலிருந்து வந்த ஆள் யாராவது "எந்தத் துறை நல்லம்?" என்று கேட்டால் எங்கள் அப்பா உடனே பதில் சொல்லமாட்டார். "ஆர் போறது? என்ன சாமான்? எப்ப திரும்பணும்?" என்று திருப்பிக் கேட்பார். நெல் மூட்டை என்றால் ஒரு பதில், பிள்ளைத்தாய்ச்சி என்றால் வேறு பதில். கச்சான் காற்றுக் காலத்தில் மத்தியானத்துக்குப் பிறகு வாவி குழம்பும்; காலையில் போய் வெயில் ஏறமுதல் திரும்பி வரச்சொல்லுவார். மூன்றில் எது முதலாவது என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

இரண்டு வள்ளங்களை இணைத்து மேலே பலகை பரப்பியதை நாங்கள் பாதை என்போம். ஓட்டுகிறவர் கரையில் நின்றபடியே ஆட்களை அளப்பார். மூட்டைகள் நடுவில், சைக்கிள்கள் ஓரக் கம்பியோடு சாய்த்து, வயதானவர்கள் மூட்டைகளுக்கு மேல். ஒரு பக்கம் தாழ்ந்தால் "அங்கால ரெண்டு பேர் போங்க" என்று சொல்லி, தட்டு நேரான பிறகுதான் கம்பை ஊன்றுவார். கூட்டம் கூடினால் "நீங்க மற்றத் தடவை வாங்க" என்று இறக்கியும் விடுவார். உத்தியோகத்தர் என்றாலும் அதே கதைதான். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிவைத்த பலகை கிடையாது. வள்ளத்தின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் எவ்வளவு தெரிகிறது என்பதுதான் அவருடைய கணக்கு.

யுத்தம் வந்தபோது அந்தக் கணக்கும் போதவில்லை. எழுவான்கரை இராணுவத்தின் கையிலும் படுவான்கரை புலிகளின் கையிலும் பல வருடங்கள் இருந்தன. 2007 வரைக்கும் வாவிதான் எல்லை. எந்தத் துறையில் சோதனை குறைவு, எந்தத் துறையில் இன்றைக்கு விடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டே வீட்டைவிட்டு வெளிக்கிடுவோம். 2014இல் ஜப்பானின் உதவியோடு மண்முனையில் பாலம் திறந்தார்கள். கொக்கட்டிச்சோலைக்குப் போக யாரையும் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று.

இப்போது என்னிடம் வரும் கேள்வி வேறு. ரொறன்ரோவில் இருக்கும் மருமகள், என் அக்காவின் மகள், தன் அம்மா அப்பாவின் ஐம்பதாவது கலியாண நாளுக்கு அவர்களைச் சொகுசுக் கப்பலில் அனுப்ப ஆசைப்பட்டாள். "மாமா, ஆறேழு பட்டியல் பார்த்திட்டன். ஒவ்வொன்றிலயும் ஒவ்வொரு கம்பனி முதலாவது. நீங்களும் ஒருக்காப் பாருங்கோ" என்று எல்லாவற்றையும் அனுப்பிவைத்தாள். சீபோர்ன், சில்வர்சீ, ரீஜென்ட், கிறிஸ்டல், ஹபாக்-லொயிட் என்று பெயர்கள். வாவிக்கரையில் வளர்ந்தவன் என்பதால் தண்ணீரில் போகிற எதைப் பற்றியும் எனக்குத் தெரியும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. நானும் அக்கறையோடு உட்கார்ந்து வாசித்தேன்.

வாசிக்க வாசிக்கப் பட்டியல்கள் எல்லாம் ஒரே இனம் இல்லை என்பது விளங்கியது. சிலவற்றில் சஞ்சிகை வாசகர்கள் வாக்குப் போடுகிறார்கள். ஒரு கம்பனியின் கப்பலில் மட்டுமே போனவர் அந்தக் கம்பனிக்கு உயர்ந்த புள்ளி கொடுத்தால், அவர் சந்தோசமாகப் போய்வந்தார் என்று தெரியும். மற்றதைவிட அது மேலா என்று அவராலேயே சொல்லமுடியாது. சில பட்டியல்களைப் பயணச்சீட்டு விற்கும் நிறுவனங்களே போடுகின்றன. தரகு எங்கே கூட என்பதும் அதற்குள் கலந்துவிடலாம். இன்னும் சிலவற்றைத் துறை தெரிந்த ஒருவர் நேரில் ஏறிப் பார்த்து எழுதுகிறார்.

அந்தக் கடைசி வகையில் பெயர்பெற்றவர் டக்ளஸ் வார்ட். 1985இலிருந்து பல தசாப்தங்களாகக் கப்பல் கப்பலாக ஏறிப் பார்த்து, பெர்லிட்ஸ் வழிகாட்டி நூலில் ஒவ்வொரு கப்பலுக்கும் 2,000க்குப் புள்ளி போட்டவர். நெடுங்காலம் அவர் வைத்திருந்த பிரிப்பு இது: கப்பலுக்கு 500, சாப்பாட்டுக்கு 400, சேவைக்கு 400, பயண அனுபவத்துக்கு 400, தங்கும் அறைக்கு 200, கேளிக்கைக்கு 100. ஹபாக்-லொயிட்டின் ஒய்ரோப்பா கப்பல் ஆண்டுக்கணக்காக அவருடைய உச்சியில் நின்றது. இவ்வளவு உழைத்துப் போட்ட புள்ளிகளை நான் மதிக்கிறேன். ஆனால் என் அக்காவுக்கு முழங்கால் வருத்தம், அத்தானுக்கு நீரிழிவு. நடக்கக் கஷ்டப்படுகிறவர் கரை இறங்குவதற்கென்று அந்த ஆறு தலைப்புகளில் ஒரு தலைப்பும் இல்லை. ஆழம் போதாத துறைமுகங்களில் பெரிய கப்பல் வெளியே நங்கூரம் போட்டுவிட்டு, சின்னப் படகில் ஆட்களை ஏற்றி இறக்கும். கடல் கொஞ்சம் ஆடினாலும் அந்தப் படகில் கால்வைக்க அக்காவால் முடியாது. உலகத்தில் முதலாவது கப்பலில் போய், ஊரைத் தூரத்தில் பார்த்துவிட்டு வருவதற்கா இவ்வளவு காசு?

கூட்டுத்தொகையைக் கீழே வைத்துவிட்டுத் தனித்தனி அளவுகளைப் பார்க்கத் தொடங்கினேன். அங்கேதான் உண்மையான உதவி கிடைத்தது. கப்பலின் மொத்தத் தொன் அளவைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். இந்தத் தொன் நிறையைச் சொல்லுவதில்லை, கப்பலின் உள்கொள்ளளவைச் சொல்லுவது. 2024இல் ஓடத் தொடங்கிய ஐக்கன் ஒஃப் த சீஸ் ஏறக்குறைய 248,000 தொன், அறைக்கு இருவர் என்று பார்த்தால் சுமார் 5,600 பேர், ஆளுக்கு 44. சீபோர்ன் என்கோர் சுமார் 42,000 தொன்தான். பயணிகளும் 600 பேர்தான். ஆளுக்கு 70 அளவில் வரும். இப்படி ஒரு கணக்கை யாரும் வீட்டிலிருந்தே போட்டுப் பார்க்கலாம். எவருடைய ருசியும் அதில் கலப்பதில்லை.

அதைவிடப் பயனானது சுகாதாரப் புள்ளி. வெளிநாடு போய் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் பயணிகள் கப்பல்களில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிசோதகர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஏறுவார்கள். குடிதண்ணீர், குசினி, நீச்சல் தடாகம், நோய் கண்டால் என்ன செய்கிறார்கள் என்பதையெல்லாம் பார்த்து 100க்குப் புள்ளி போடுவார்கள். 86 எடுத்தால்தான் சித்தி. எதற்கு எத்தனை புள்ளி குறைந்தது என்ற விபரம் முழுவதையும் யாரும் வாசிக்கலாம். நீரிழிவுக்காரரைக் கடலில் அனுப்புகிற வீட்டுக்கு, விருந்துமண்டபத்தின் சரவிளக்கைவிட இந்த விபரம் பெரிது.

பட்டியலில் எங்கும் வராத ஒன்றும் உண்டு, கம்பனியின் காசுப்பெட்டி. கிறிஸ்டல் குறூஸஸ் பல ஆண்டுகள் வாசகர் வாக்கெடுப்புகளில் உச்சத்தில் நின்ற பெயர். 2022 சனவரியில் அதன் தாய்க் கம்பனி கெந்திங் ஹொங்கொங் முறிந்தது. எரிபொருள் கடனுக்காகக் கப்பலைப் பிடிக்க அமெரிக்க நீதிமன்றம் உத்தரவு போட்டதால், மயாமியில் இறங்கவேண்டிய பயணிகளோடு கிறிஸ்டல் சிம்பொனி பஹாமாசின் பிமினித் தீவுக்குத் திரும்பியது. பிறகு வேறொரு நிறுவனம் பெயரையும் கப்பல்களையும் வாங்கி 2023இல் திரும்ப ஓடவிட்டது. அந்தச் சனவரியில் முற்பணம் கட்டியிருந்தவர்களுக்கு, முதலாவது இடம் என்ற விருது ஒரு சதத்துக்கும் உத்தரவாதமாக இருக்கவில்லை.

கப்பலில் வேலை செய்கிறவர்களின் நிலையையும் யாரும் புள்ளியாகப் போடுவதில்லை. எங்கள் பக்கத்துப் பொடியன் ஒருவன் ஒரு பெரிய கம்பனியில் அறை துப்புரவாக்கும் வேலையில் இருக்கிறான். விடுமுறையில் வந்தபோது கேட்டேன். "சேர், பயணம் முடியிற அண்டைக்கு ஒரு படிவம் குடுப்பாங்க. அதில ஒரு ஆள் ஒரு புள்ளி குறைச்சாலும் மேலதிகாரி கூப்பிட்டுக் கேப்பார்" என்றான். நாங்கள் சேவை என்ற தலைப்பின்கீழ் வாசிக்கிற இலக்கம் அவனுடைய நித்திரையில் இருந்து வருகிறது. கடல்சார் தொழில் பற்றிய சர்வதேச உடன்படிக்கை ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. எந்தக் கம்பனி அதை ஒழுங்காகக் கொடுக்கிறது என்று ஒரு பட்டியல் வந்தால் நான் முதலில் அதைத்தான் படிப்பேன்.

2023 யூனில் சென்னையிலிருந்து கோர்டீலியா கம்பனியின் எம்பிரஸ் என்ற கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று எங்கள் நாட்டைச் சுற்றி வந்தது. 1990இல் ரோயல் கரிபியனுக்காகக் கட்டிய, 48,000 தொன்னுக்குச் சற்று மேற்பட்ட பழைய கப்பல். சொகுசுப் பட்டியல் எதிலும் அது முன்னுக்கு வராது. ஆனாலும் தாய் தகப்பனோடும் பிள்ளைகளோடும் கடல்வழியாகத் திருகோணமலை வந்து கோணேசர் கோயிலைக் கும்பிட விரும்பிய ஒரு சென்னைக் குடும்பத்துக்கு, அந்த மாதத்தில் அதைவிடப் பொருத்தமான கப்பல் எது?

மருமகளுக்கு நான் கப்பல் பெயர் எதையும் எழுதவில்லை. எத்தனை துறைமுகங்களில் படகு மாறாமல் நேரே இறங்கலாம், வைத்தியர் இரவிலும் இருப்பாரா, கடைசிச் சுகாதாரப் பரிசோதனையில் எங்கே புள்ளி குறைந்தது, கட்டிய காசு எந்தக் கணக்கில் இருக்கும் என்று கேட்கச் சொன்னேன். அவள் கேட்டாள். பட்டியல்களில் நடுவிடத்தில் கிடந்த ஒரு கப்பலைத் தெரிவுசெய்தாள். அக்கா எல்லாத் துறைமுகத்திலும் தன் காலால் இறங்கி நடந்தாள்.

இந்த வேலையெல்லாம் முடிந்த பிறகும் ஒரு விசயம் என் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. தலையணையின் மென்மைக்குக்கூடப் புள்ளி போட உலகத்தில் ஆள் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுகிற பாதைக்கு யார் புள்ளி போடுகிறார்கள்? 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில், மாற்று வழியாக ஓடிய பாதை கவிழ்ந்தது. காலைநேரம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். ஆறு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அதில் சிறுவர்களும் இருந்தார்கள். அந்தத் துறையால் போனவர்களுக்குத் தெரிவு செய்ய இரண்டாவது கப்பல் இருக்கவில்லை.

தெரிவு இல்லாத இடத்தில்தான் அளவுகோல் கட்டாயம் வேண்டும். பணம் உள்ளவர் பிடிக்காவிட்டால் வேறு கம்பனிக்குப் போவார். துறையில் நிற்கிற பிள்ளை வந்த பாதையில் ஏறத்தான் செய்யும். கடற்பயணக் கம்பனிகளின் தரவரிசை பயனுள்ளதா என்று என்னைக் கேட்டால், கூட்டிய புள்ளியை விட்டுவிட்டு அதன் பிரிவுகளைப் படியுங்கள், பயன் உண்டு என்பேன். ஆனால் அதைவிட முக்கியம், அந்தச் சுகாதாரப் பரிசோதகர்கள் செய்கிற மாதிரி, சொல்லாமல் வந்து பார்த்து, கண்டதை எழுதி, எல்லாருக்கும் காட்டுகிற ஒரு முறை எங்கள் வாவிக்கும் வேண்டும். இலங்கையில் பாதையோ வள்ளமோ ஆள் ஏற்றுகிற ஒவ்வொரு துறையிலும் பெரிய எழுத்தில் ஒரு பலகை நடட்டும்: எத்தனை பேர் ஏறலாம், எத்தனை உயிர்காப்பு அங்கிகள் இருக்கின்றன, கடைசியாக எந்தத் திகதியில் பரிசோதித்தார்கள், பரிசோதித்தவர் யார். பிரதேச சபைகளும் மாவட்டச் செயலகமும் மனம் வைத்தால் இதற்குப் பெரிய செலவு இல்லை. உல்லாசப் பயணிகளை ஏற்றும் படகுக்கும் வயலுக்குப் போகிறவரின் பாதைக்கும் ஒரே பலகை, ஒரே சட்டம்.