செங்கோட்டை முயலுணவு நிர்ணயம்

பாயிரம்

நூலுக்குள் நுழையுமுன் எல்லையும் நுதலிய பொருளும் கேட்போரும் பயனும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய உரையாசிரியர்கள் விடமாட்டார்கள். இந்த ஆய்வுக்கு எல்லை: மேற்கே புளியரை சோதனைச்சாவடி, கிழக்கே பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை, தெற்கே குற்றாலம், வடக்கே பண்பொழி. நுதலிய பொருள்: கூண்டில் வளரும் முயலுக்கு எந்தக் கீரை ஆகும், எது ஆகாது. கேட்போர்: பிள்ளை அழுததென்று முயல் வாங்கிக் கொடுத்து, பிள்ளை பள்ளிக்கூடம் போனபின் அதற்குத் தழை தேடி அலையும் தாய் தகப்பன்மார். பயன்: முயல் பிழைத்துக் கிடப்பது.

முயல் என்று இங்கே சொன்னது வெள்ளையோ சாம்பலோ கறுப்போ ஆன வீட்டு முயலை. அதன் பூர்வீகம் ஐரோப்பா. குண்டாற்றுப் பக்கம் புதருக்குப் புதர் பாயும் காட்டு முயல் வேறு இனம். அதைப் பிடித்து வளர்க்க 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது. 772ஆம் குறளில் அம்பு பட்டு வருவதும் அந்தக் காட்டு முயல்தான். அது அன்று காலை என்ன மேய்ந்தது என்று பரிமேலழகரும் சொல்லவில்லை. எனவே இத்துறையில் இலக்கியச் சான்று நமக்கு உதவாது.

அளவை பற்றியும் ஒரு வார்த்தை. காண்டல், கருதல், உரை என்று மூன்றைச் சித்தாந்திகள் ஒப்புவர். முயலுணவில் நம்மூரார் நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு மிச்சம் என்று பெயர். அடுக்களையில் எது மிச்சமோ அது முயலுக்கு ஆகும் என்பது இவ்வளவையின் முடிபு. மற்ற மூன்றும் இதனோடு மோதித் தோற்ற வரலாறே இந்நூல்.

பரபக்கம்

பிறர் கொள்கையை முதலில் எடுத்து மறுத்துவிட்டுத் தன் கொள்கையைப் பிறகு நிறுவுவது அருணந்தி சிவாசாரியார் காட்டிய வழி. அவருக்கு எதிரே உலகாயதரும் பௌத்தரும் சமணரும் நின்றார்கள். நமக்கு எதிரே நிற்போர் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள், தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று.

முதலாவது கேரட்டுவாதம். முயல் என்றால் கேரட் என்பது இவர்கள் கொள்கை. ஆதாரம் கேட்டால் பாடப்புத்தகத்துப் படத்தைக் காட்டுவார்கள். அதன் மூலத்தைத் தேடிப் போனால் 1940இல் வந்த அமெரிக்கக் கார்ட்டூனில் பக்ஸ் பன்னி கேரட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. அது 1934இல் கிளார்க் கேபிள் ஒரு படத்தில் கேரட் மென்றதைப் பகடி செய்தது என்பர். ஆக, ஒரு நடிகர் மென்றதைப் பொம்மை மென்று, பொம்மை மென்றதைச் செங்கோட்டை முயல் மெல்ல வேண்டியதாயிற்று. உண்மையில் முயல் கிழங்கு தோண்டித் தின்னும் பிராணி அன்று. கேரட்டில் சர்க்கரை அதிகம். விரற்கணு அளவு வாரம் இரண்டு தரம் என்றால் பலகாரம். தினம் ஒன்று என்றால் வயிற்றுக்குக் கேடு. கேரட்டின் இலை முயலுக்கு ஆகும். ஆனால் ஊட்டிக் கேரட் அங்கேயே கழுவி, தலை கிள்ளி, மூட்டையேறித்தான் இங்கே வருகிறது. தின்ன வேண்டியது மலைமேலே தங்கிவிட, தின்ன வேண்டாதது பஸ் நிலையம் வரை வந்து சேர்கிறது.

இரண்டாவது கோசுவாதம். இது நம் வட்டாரத்தின் தனிச் சிறப்பு. பாவூர்சத்திரத்திலும் சுரண்டையிலும் இருந்து காய்கறி லோடு புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகிறது. ஓணம் நெருங்கினால் கேட்கவே வேண்டாம். லோடு ஏறுமுன் முட்டைக்கோஸின் வெளியிலையை உரித்துப் போடுவார்கள். கடை வாசலில் அது குவிந்து கிடப்பதைப் பார்த்ததும் மிச்சம் என்னும் அளவை விழித்துக்கொள்ளும். மல்லிக்கட்டு ஒன்று கேட்ட என்னைக் காய்கறிக் கடை அண்ணாச்சி ஏற இறங்கப் பார்த்தார். “என்ன சார்வாள், முசலுக்கா மல்லி? அதுக்குப் போயித் துட்டு குடுத்து வாங்குதீங்களே! கோஸ் எலை சும்மாதான கெடக்கு, அள்ளிட்டுப் போங்க.”

இதை இரண்டு சான்றால் மறுக்கிறேன். ஒன்று, 1928. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் செஸ்னி என்பவரும் அவர் கூட்டாளிகளும் மேகநோய் ஆராய்ச்சிக்காக முயல் வளர்த்தார்கள். தீனி பெரும்பாலும் கோஸ். மேகநோயை ஆராயப் போன இடத்தில் முயல்களுக்குக் கழுத்துக் கழலை வந்து நின்றது. கோஸ் வகையில் உள்ள சில பொருட்கள் தைராய்டுச் சுரப்பி அயோடினைப் பயன்படுத்த விடாமல் தடுக்கும் என்பது பின்னால் தெளிவாயிற்று. இரண்டு, 2015. தமிழ்நாட்டுக் காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதென்று கேரளம் புகார் சொல்ல, தமிழ்நாடு மறுக்க, எல்லையில் பெரிய பேச்சாகிவிட்டது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல இந்நூலுக்கு அதிகாரம் இல்லை. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். இரு பக்கமும் நமக்குச் சொந்தம். ஆனால் மருந்து தெளித்தால் அது முதலில் படுவது வெளியிலையில்தான் என்பதை இரு மாநிலமும் ஒப்பும். வீட்டில் நறுக்கிய உள்ளிலை ஒன்று எப்போதாவது கொடுக்கலாம். குப்பையில் கிடப்பது வேண்டாம்.

மூன்றாவது அகத்திவாதம். அமாவாசையன்று பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்தால் புண்ணியம். கட்டில் பாதி மிஞ்சினால் முயலுக்கும் கொடுத்துப் புண்ணியத்தை ஒன்றரை ஆக்கிக்கொள்வது வழக்கம். இங்கே குறுக்கிடுவது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1918இல் குன்னூரில் ஒற்றை அறையில் தொடங்கி 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபோன அந்நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் அகத்தியில் சுண்ணாம்புச்சத்து 1130 மில்லிகிராம். கறிவேப்பிலையில் 830, முருங்கைக்கீரையில் 440, தண்டுக்கீரை வகையில் 397, கொத்தமல்லியில் 184. மனிதனுக்கும் பசுவுக்கும் உடல் வேண்டிய மட்டும் சுண்ணாம்பை உறிஞ்சிக்கொள்ளும். முயலின் குடல் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. வந்ததையெல்லாம் ரத்தத்தில் ஏற்றி, மிகுதியை மூத்திரத்தில் தள்ளும். முயல் மூத்திரம் சுண்ணாம்பு கரைத்ததுபோல் வெளுத்திருப்பது அதனால்தான். அளவு மீறினால் மூத்திரப்பையில் வண்டலாகத் தங்கும், கல்லாகவும் ஆகும். ஆகவே அகத்தி பசுவோடு நிற்கட்டும். முருங்கை வாரம் ஒருநாள் ஓர் ஈர்க்கு. (சில தழை தின்ற மறுநாள் மூத்திரம் செம்மண் நிறத்தில் வரும். ரத்தம் என்று வீடே அலறும். பெரும்பாலும் அது தழையின் நிறம். இரண்டு நாளில் மாறாவிட்டால் அலறலாம்.)

நான்காவது ஈரமறுப்புவாதம். இதற்குத்தான் ஊரில் ஆள் அதிகம். ஈரத் தழை தின்றால் முயல் வயிறு ஊதிச் செத்துப்போகும் என்று பண்ணைக்காரர் முதல் பக்கத்து வீட்டு ஆச்சி வரை சொல்வார்கள். மதுரையில் இதைக் கடைப்பிடிக்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் விழும் செங்கோட்டையில் எதைக் காயவைப்பது? வேட்டியே காயவில்லை. கருதல் அளவையால் பார்ப்போம். காட்டு முயல் விடியற்காலையில் பனிபடிந்த புல்லைத்தான் மேய்கிறது. அது குடை பிடித்ததாகத் தகவல் இல்லை. எனவே ஈரம் குற்றவாளி அன்று. நனைந்த தழையைச் சாக்கில் அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறிப் புளிக்கும், பூஞ்சை பிடிக்கும், அதுதான் கொல்லி. நேற்றுவரை உலர்தீனி தின்ற குட்டிக்கு இன்று திடீரென்று கூடை நிறையக் கீரை கொட்டுவதும் கொல்லி. இரண்டிலும் ஈரம் உடனிருந்தது என்பதற்காக அதைத் தூக்கில் போடுவது நியாயமாகாது. கழுவி உதறிக் கொடுத்தால் போதும். இவ்வாதத்தில் ஒரு நன்மை உண்டு என்பதையும் ஒப்புகிறேன்: காயவைக்கப் பரப்பும்போது கைக்குத் தட்டுப்படும் அழுகலைப் பொறுக்கிவிடுவார்கள்.

சுபக்கம்

நம் கொள்கை சுருங்கச் சொன்னால் இது: முயலுக்குப் புல்லே சோறு, கீரை தொட்டுக்க. நம் வீடுகளில் இலை நிறையக் கூட்டு வைத்து ஓரத்தில் இரண்டு பருக்கை சோறு போடுகிறோம்.

காரணம் அதன் உடலமைப்பு. முயலின் பல் சாகும்வரை வளரும். முன்பல் வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். நார் உள்ளதை மணிக்கணக்கில் அரைத்தால்தான் தேயும். குடலும் அப்படி: உள்ளே எப்போதும் ஏதாவது நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். தின்றதை வாந்தியெடுக்க அதற்கு வராது. நாரின் செரிமானம் பெருங்குடலை ஒட்டிய ஒரு பையில் நுண்ணுயிர்களால் நடக்கிறது. அங்கே உருவாகும் மென்மையான உருண்டைகளை முயல் ஆசனவாயிலிருந்தே வாய் வைத்து எடுத்து விழுங்கிவிடும். பார்த்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த உருண்டையில்தான் உயிர்ச்சத்தும் புரதமும் இருக்கின்றன. கூண்டுக்கடியில் நாம் பெருக்கித் தள்ளும் காய்ந்த புழுக்கை வேறு. சர்க்கரையும் மாவும் மிஞ்சினால் அந்தப் பையின் நுண்ணுயிர்க் கூட்டம் நிலைகுலைந்து வாயு கட்டும், குடல் நின்றுபோகும். அரைநாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் மூலையில் குந்தியிருக்கும் முயலுக்குக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஆகவே தீனியில் பெரும்பங்கு புல். டிமோத்திப் புல் பாக்கெட்டில் வருகிறது, விலையும் வருகிறது. அதற்கு ஏங்க வேண்டாம். செங்கோட்டையைச் சுற்றி வயல்; வரப்பெல்லாம் அருகு. பிள்ளையாருக்குப் பறிக்கும்போதே இன்னொரு பிடி பறித்துவிடலாம், அந்த வயலில் களைக்கொல்லி அடிக்காமலிருந்தால். மாடு வைத்திருப்பவர் வீட்டில் கோ-4 கம்பு நேப்பியர் இருக்கும். இளசாக நறுக்கிக் கொடுக்கலாம். பறித்ததை நிழலில் உலர்த்தி வைத்தால் சாரல் மாதத்துக்கு ஆகும்.

புல் தட்டில் நிறைந்தபின் கீரை. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி. கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, துளசி, செம்பருத்தி இலையும் பூவும். ஒரே கீரையைத் தினம் கொடுக்காமல் மாற்றி மாற்றி. பாலக்கும் தண்டுக்கீரையும் ஆக்சலேட் உள்ளவை; எப்போதாவது. புதுக்கீரை ஒவ்வொன்றாக அறிமுகமாக வேண்டும்: இன்று இரண்டு இலை, நாளை புழுக்கை பார்த்து நாலு இலை. சம்பந்தம் பேசுகிறவர்கள்கூட இத்தனை நிதானம் காட்டுவதில்லை.

காண்டல் அளவைக்காக மல்லிக்கட்டிலிருந்து ஒரு தண்டை நீட்டிப் பார்த்தேன். முயல் முதலில் மோந்தது. மீசை முன்னுக்கு வளைந்தது. இலைப்பக்கத்தை விட்டுத் தண்டின் அடியைப் பிடித்தது. தாடை பக்கவாட்டில் ஆட, தண்டு ஒரே சீராக உள்ளே போய்க்கொண்டிருந்தது. கடைசி இலை உதட்டுக்கு வெளியே கணநேரம் நின்று மறைந்தது. அதுவரை இரண்டு காதும் தனித்தனியே ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருந்தன. ரசத்துக்கு இலை கிள்ளியபின் நாம் எறியும் தண்டு அதற்குக் குறையில்லை என்று இதனால் அறிக. மிச்சம் என்னும் அளவை செல்லுபடியாகும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றே.

விலக்கு

பல்லாரி, உள்ளி, பூண்டு மூன்றும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, சமைத்தாலும் விலக்கே. உருளைக்கிழங்கு முளை, தக்காளி இலை, பச்சைச் சேம்பிலை, குற்றாலத்துப் பழக்கடையில் கிடைக்கும் பட்டர் ஃப்ரூட். வேலியில் இருக்கும் அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு. மலையடிவாரம் முழுக்க மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி, பூ எத்தனை அழகானாலும். மரச்சீனிக் கிழங்கு நமக்கு மீன்குழம்போடு அமிர்தம். அதன் பச்சையிலையில் சயனைடு விளையும். ஆட்டுக்கு ஒடித்துப்போடும் சவுண்டல் தழையில் மிமோசின் உண்டு. முயலுக்கு வழக்கமாகக் கொடுத்தால் ரோமம் கொட்டும்.

முயற்செவி என்றொரு பூண்டு ஈரமான வரப்பில் ஊதாப்பூ பூத்து நிற்கும். புளியரை தாண்டினால் தசபுஷ்பத்தில் ஒன்றாக அதற்கு மரியாதையே தனி. பேரை நம்பிப் பிள்ளைகள் பறித்துவந்து நீட்டுவார்கள். கல்லீரலைக் கெடுக்கும் காரப்பொருள் அதில் இருப்பதால் முயலுக்கு வேண்டாம். வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் பிழியும் மூக்குத்திப்பூச் செடிக்கு அப்படி எந்தப் பெயர்ப்பொருத்தமும் கிடையாது. நைஜீரியாவில் முயல் வளர்ப்பவர்கள் வழக்கமாக அறுத்துப் போடுவது அதைத்தான்.

புறனடை

மேலே சொல்லாதவற்றைச் சொன்னவற்றுக்கு ஏற்பப் பொருத்திக்கொள்க. சீசனில் வரும் மங்குஸ்தான், ரம்புட்டான் முதலியவை பழம் என்பதால் கேரட்டோடு சேரும். நகத்தளவு சதை, கொட்டை நீக்கி. மூன்று மாதம் நிரம்பாத குட்டிக்கு அதுவும் வேண்டாம். அருவியில் குளிக்க வந்து நம் வீட்டில் தங்கும் உறவினர், முயல் பாவமாகப் பார்க்கிறதென்று பார்சலைப் பிரித்துப் பரோட்டாத் துண்டை நீட்டுவர். மைதா எனவே விலக்கு. எல்லைக்கு இந்தப் பக்கத்துக் கடையா அந்தப் பக்கத்துக் கடையா என்ற கேள்வி இதில் எழாது. சால்னாவில் நனைத்தது பல்லாரியும் சேர்வதால் இருமடங்கு விலக்கு.