வாசிப்பும் ஈரமும்

கேள்வி: பிலிப்பைன்ஸ் பிள்ளைகளுக்கு வாசிக்கவே வரவில்லையாமே, உண்மையா?
– வாசகி, தேனி

பதில்: 79 நாடுகள் கலந்துகொண்ட 2018 பிசா என்ற சர்வதேச மாணவர் தேர்வில், வாசிப்பில் கடைசி பெஞ்ச் அவர்களுக்குத்தான். 2024 ஜனவரி முதல் வெள்ளிக்கிழமைகளை வாசிப்புக்கென்று ஒதுக்கிப் பார்த்தார்கள். எனக்குப் பிடித்தது 'தாரா, பாசா!' திட்டம். 'வா, படிக்கலாம்!' என்று அர்த்தம். வசதியில்லாத கல்லூரி மாணவர்களுக்கு அரசே சம்பளம் கொடுத்து, எழுத்துக்கூட்டத் திணறும் வாண்டுகளுக்குச் சொல்லித்தர வைக்கிறது. வகுப்புக்கு வந்து உட்காரும் அப்பா அம்மாவுக்கும் பணம் உண்டு. (டியூஷனுக்குப் பெற்றோர் கையில் காசு கொடுக்கும் ஊர்!) தகலோக் மொழியில் 'பாசா' என்றால் வாசிப்பு, அழுத்தத்தைக் கடைசி அசைக்கு மாற்றினால் 'ஈரம்'. வருஷத்துக்குச் சுமார் 20 புயல் எட்டிப்பார்க்கும் நாட்டில், பாடப்புத்தகத்துக்கு இரண்டாவது அர்த்தம்தான் சீக்கிரம் வாய்க்கிறது.