தாலி ஏறியாச்சு, பதிவு ஆச்சா?

திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் வெளிநாட்டு மாப்பிள்ளை, வெளிநாட்டு மருமகள் விவகாரமே அதிகம். இந்த இதழில் பக்கம் முழுக்க அவர்களுக்கு.

என் மகளுக்கும், ரமணாசிரமத்துக்கு வந்துபோகும் ஒரு பிரெஞ்சுக்காரருக்கும் சின்னக் கோயில் ஒன்றில் தாலி கட்டியாகிவிட்டது. சட்டப்படி செல்லும்தானே?
*ஒரு தாயார், செங்கம் ரோடு*

அவர் இந்து இல்லையென்றால் செல்லாது, அம்மா. இருவரும் இந்துவாக இருந்தால்தான் இந்து திருமணச் சட்டம் பொருந்தும். ஆந்திராவில் ஒரு கிறிஸ்தவ இளைஞரும் இந்துப் பெண்ணும் இப்படித்தான் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, பதிவும் செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தத் திருமணமே செல்லாது என்று 2008-ல் தீர்ப்பு. கையில் பதிவுச் சான்றிதழ் இருந்தும் பலனில்லை.

பதறாதீர்கள், வழி இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 15-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஏற்கெனவே சடங்கு நடந்து, அன்றுமுதல் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள் அதன்கீழ் பதிவு செய்துகொள்ளலாம். இருவரும் விண்ணப்பிக்கும் முன் 30 நாளாவது இந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். பிறகு ஆட்சேபத்துக்கு 30 நாள் அவகாசம். மாப்பிள்ளை ஊருக்கு டிக்கெட் போடுவதற்குள் இதை முடியுங்கள். மாலையும் போட்டோவும் மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு ஜீவனாம்சம் கேட்பதுகூடப் பெரும்பாடு.

அவர் இந்துவாக மாறிவிட்டால்? ஹோமம் வளர்த்துச் சான்றிதழ் வாங்க வேண்டுமா?
*வாசகர், போளூர்*

சடங்கு கட்டாயமில்லை. பெருமாள் நாடார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970-லேயே சொல்லிவிட்டது: உண்மையான எண்ணமும் அதற்கேற்ற நடத்தையும் இருந்தால் போதும். வாயால் சொன்னால் மட்டும் போதாது. நாளைக்குக் கோர்ட்டில் யாராவது அந்த எண்ணத்தையே கேள்வி கேட்டால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். கல்யாணத்துக்காக ஒருவரின் நம்பிக்கையை மாற்றச் சொல்லாதீர்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் மதம் ஒரு நிபந்தனையே இல்லை.

மாப்பிள்ளை பாஸ்போர்ட்டைக் காட்டினார். அது போதாதா?
*ஒரு தந்தை, ஆரணி*

அவர் யார் என்பதற்குப் போதும். அங்கே அவருக்கு மனைவி இருக்கிறாரா என்பதற்குப் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். பாரிஸில் இருக்கும் முதல் மனைவி திருவண்ணாமலைக்கு வந்து அந்தப் பலகையைப் படிக்கப்போவதில்லை. உள்ளூர்க் காதலர்களை மிரட்ட வருகிறவர்கள்தான் அதைப் படிக்கிறார்கள். அந்த அறிவிப்பு முறையே மாற வேண்டும் என்பது என் எண்ணம்.

அதனால் அவருடைய நாட்டுத் தூதரகத்தின் சான்றைக் கேளுங்கள். பிரெஞ்சுக்காரர் என்றால் பக்கத்திலேயே புதுச்சேரியில் துணைத் தூதரகம் இருக்கிறது. வெளிநாட்டில் மணக்கும் தன் குடிமகன் முன்கூட்டியே தகுதிச் சான்று பெற வேண்டும் என்பது பிரான்ஸின் சட்டம். அமெரிக்க அரசு அப்படிச் சான்று எதுவும் தருவதில்லை. அவர் எழுதும் உறுதிமொழிப் பத்திரத்துக்குத் தூதரக நோட்டரி முத்திரை கிடைக்கும், அவ்வளவுதான். அதில் இருப்பது உண்மையா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. விவாகரத்தானவர் என்றால் தீர்ப்பு நகல், மனைவியை இழந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழ் வாங்கிப் பாருங்கள். முதல் திருமணத்தை மறைத்து மணந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை உண்டு. ஆள் விமானம் ஏறிய பிறகு அந்தப் பிரிவு உங்கள் மகளுக்கு எந்த வகையில் உதவும்?

இருவருமே வெளிநாட்டினர். மலையடிவாரத்தில் மணக்க ஆசை. முடியுமா?
*விடுதி நடத்துபவர், கிரிவலப் பாதை*

முடியும். 'எந்த இரு நபரும்' என்றுதான் சிறப்புத் திருமணச் சட்டம் சொல்கிறது, குடியுரிமை கேட்கவில்லை. மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது. ஒருவராவது மாவட்டத்தில் 30 நாள் தங்கிய பிறகுதான் நோட்டீஸ் தரலாம். அதன்பின் இன்னொரு 30 நாள். ஆக, விசாவில் இரண்டு மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். அவர்கள் தங்கியதற்குச் சாட்சி உங்கள் கையில்தான் இருக்கிறது. வந்த 24 மணி நேரத்துக்குள் நீங்கள் அனுப்பும் வெளிநாட்டினர் வருகைப் படிவம்தான் அது. அதை விட்டுவிடாதீர்கள்.

நாள் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் உதாரணம். நோட்டீஸ் கொடுத்துக் காத்திருந்த அமெரிக்கக் குடியுரிமை மாப்பிள்ளை, காரியம் முடியுமுன் கிளம்ப வேண்டியதாயிற்று. பெண் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். காணொலி வழியாகவே மணமுடித்துப் பதிய 2022-ல் உத்தரவு வந்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்க முடியாது.

கல்யாணமானதும் வெளிநாட்டு மருமகளுக்குக் குடியுரிமை எல்லாம் கிடைத்துவிடுமா?
*வாசகி, செய்யாறு*

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே இங்கே ஏழாண்டு வாசம் வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் (ஓ.சி.ஐ.) அட்டைக்குப் பதிவான திருமணம் இரண்டாண்டு நீடித்திருக்க வேண்டும். 'பதிவான' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தால் என் மகனுக்குப் பூர்வீகச் சொத்து போய்விடுமா?
*விவசாயி, கலசப்பாக்கம்*

பங்கு போகாது. ஆனால் இந்து அல்லாதவரை மணந்தால் அவர் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்ததாகச் சட்டம் கருதும். அவருக்குப் பின் அவர் சொத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி போகும். உயில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

வெள்ளைக்கார மருமகளை அந்தக் காலத்தில் ஏற்றார்களா?
*கல்லூரி மாணவர், வந்தவாசி*

ராஜாவுக்கே அந்த ஏற்பு கிடைக்கவில்லை. புதுக்கோட்டை மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் மெல்பர்னில் மாலி ஃபிங்க்கை மணந்தார். ஆங்கில அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை. மகனுக்கு அரியணையும் இல்லை. சமஸ்தானத்தின் வாரிசையே ஆள்பவரின் அனுமதி முடிவு செய்த காலம் அது. இன்று ஒரு டீக்கடைக்காரர் மகனும் அவர் விரும்பிய ஜெர்மன்காரியும் சார்பதிவாளர் முன் நின்றால் யார் தயவும் வேண்டாம்.

கார்த்திகை தீபத்தன்று ரிஜிஸ்டர் செய்ய ஆசைப்படுகிறோம்.
*ஒரு ஜோடி, திருவண்ணாமலை*

அன்று இங்கே உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். முந்தைய வாரம் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மணம் முடிய வேண்டும், தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. புரட்டாசி நடுவில் கொடுத்தால் கணக்கு சரியாக வரும். மூன்று சாட்சிகள் வேண்டும். தீபத்துக்கு வரும் சொந்தங்களை நம்பாமல் உள்ளூரிலேயே மூன்று பேரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.